குமாரின் கடையை மூடச் சொல்லி நான் கேட்ட துஆ

உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நான் திருத்தணியில் கார், வேன் பழுது பார்க்கிறவன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி மும்தாஜ் எழுதுகிறாள். எனக்கு அவமானமான இடங்களை மட்டும் விட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "அத உட்டுட்டா அப்புறம் சொல்றதுக்கு இன்னாங்க இருக்குது?" என்றாள். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன வருஷம் சித்திரை வெயிலில் என்னைப் பெற்ற அத்தா மௌத்தானார். அரக்கோணம் ரோட்டில் இருக்கிற எங்கள் பட்டறை அவர் போட்டது. டீசல் பம்ப் வேலையில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை. அந்த வேலையை எனக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். துக்கத்துக்காகப் பத்து நாள் பட்டறையைப் பூட்டி வைத்தேன். பிறகு திறந்தேன். திறந்து என்ன பயன், வண்டி வரவில்லை.

உள்ளூர் வண்டியை மட்டும் நம்பி எங்கள் பிழைப்பு இல்லை. மலைக்கு வருகிறவர்களும் திருப்பதிக்குப் போகிறவர்களும் வண்டி நின்றுபோனால் போனில்தான் மெக்கானிக்கைத் தேடுவார்கள். மேப்பில் எங்கள் பட்டறை முதலில் வரும். அத்தா இருந்தவரை என் போன் ஓயாது. இப்போது அது சும்மா கிடந்தது. ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம், ரோடு கொள்ளாத வண்டி. நான் மட்டும் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை அழுகையாக வந்தது.

அந்த வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் அந்த வழியாகப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"இன்னா பாய், கடைய மூடிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

யார் சொன்னது என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. குமார்தான்.

குமார் அத்தாவிடம் தொழில் கற்றவன். பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அத்தாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தூர் ரோட்டில் தனியாகக் கடை போட்டிருந்தான். அத்தாவின் ஜனாஸாவுக்கு வந்து, கபரஸ்தான் வரை நடந்து, ஓரமாக நின்று அழுதான். இப்போது அந்த அழுகைகூட எனக்கு நடிப்பாகத் தெரிந்தது. அவன் கடை வாசலில் ஆந்திரா வண்டி நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஐந்து வேளையும் தொழுதேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்திக் கேட்டது ஒன்றே ஒன்று. 'யா அல்லாஹ், அவன் கடையை மூடு.' வீண் சந்தேகம் பாவம் என்று பள்ளிவாசல் பயானில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கேட்டதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதுதான்.

புரட்டாசி பிறந்தது. சவூதியில் ஒரு பட்டறையில் ஆள் கேட்கிறார்கள் என்று என் மச்சான் சொன்னார். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மும்தாஜையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். என் சின்ன மகள் நான் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டாலே தேடுகிறவள். அத்தாவின் பம்ப் சோதிக்கிற மெஷினை விலை பேச ஆள் வருவதாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பினேன். நான் துஆவில் முணுமுணுப்பதெல்லாம் மும்தாஜ் காதில் விழுந்திருக்கிறது. வாசலில் வைத்துக் கேட்டாள்.

"இன்னிக்கும் குமாரு கட மூடணும்னுதான் கேக்கப் போறீங்களா? அது மூடிட்டா நமக்கு வண்டி வந்துடுமா? நம்மளப் பிரிக்காதன்னு கேளுங்களேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பள்ளிவாசலில் கையேந்தியபோது குமார் பெயர் வாயில் வரவே இல்லை. 'என் பிள்ளைகளை விட்டு என்னைப் பிரிக்காதே, ரப்பே' என்று மட்டும் கேட்டேன். வெட்கத்தை விட்டுத் தேம்பி அழுதேன்.

திங்கட்கிழமை மதியம் பட்டறை வாசலில் ஒரு ஜீப், பழைய வேன் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றது. ஜீப்பை ஓட்டி வந்தவன் குமார். வேனில் இருந்தவர்கள் ஆந்திரா புத்தூர்க்காரர்கள், மலையில் குழந்தைக்கு முடியிறக்க வந்தவர்கள்.

"டீசல் பம்பு பாய். இது என் கைக்கு ஆவாது, நைனா வேல. உங்ககிட்டப் போவச் சொன்னேன். டிரைவரு போனப் பாத்துட்டு அந்தக் கட மூடியாச்சின்றாரு. காலைல கூட உக்காந்துகினு இருந்தாரே, நான் பாத்தேனேன்னு சொல்லி நானே இழுத்துனு வந்தேன்."

டிரைவர் போனை நீட்டினார். எங்கள் பட்டறையின் பெயர். அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி. நிரந்தரமாக மூடப்பட்டது என்று அர்த்தமாம். இரண்டு மாதக் கோபம் மொத்தமும் தலைக்கேறியது.

"நீதான்டா மூடின! போன்லயும் மூடிட்டு, ஊர்லயும் சொல்லினு திரியறது நீதான்டா!"

வேனில் இருந்தவர்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். குமாரின் முகம் சுண்டிப்போயிற்று. "உங்க போனக் குடுங்க பாய்" என்றான். எதையெதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தான். நான் எந்தக் காலத்திலும் திறக்காத மெயிலில் ஒன்றைத் திறந்து காட்டினான்.

"உங்க கடைய நீங்களே மூடினதா மேப்காரங்க எழுதிக்கிறாங்க பாய். தேதியப் பாருங்க."

பார்த்தேன். அத்தா மௌத்தான மூன்றாம் நாள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. வீடு நிறைய ஜனம். வண்டி நின்றுவிட்டது என்று போன்மேல் போன். வெளியூர்க்காரர்கள் வீணாக அலையக் கூடாதே என்று மேப்பைத் திறந்தேன். கடை மூடியிருக்கிறது என்று சொல்ல இங்கிலீஷில் இரண்டு வரி இருந்தது. ஒன்று கொஞ்ச நாளைக்கு, இன்னொன்று ஒரேயடியாக. கண்ணீரில் எதுவும் தெரியாமல் ஏதோ ஒன்றை அழுத்தினேன். அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. துக்க வீடு என்று விட்டுவிட்டார்கள் என நினைத்துக்கொண்டேன். பட்டறையைத் திறந்தபோது போனில் திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது என்னைச் சுட்டதோடு நிற்காமல் குமாரையும் சுட்டிருக்கிறது.

தலை நிமிராமல் வேலையைத் தொடங்கினேன். டீசலில் தண்ணீர் கலந்து பம்ப் கெட்டிருந்தது. குமார் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே சாமான் எடுத்துக் கொடுத்தான். வேன் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனதும் அந்தக் குழந்தை கை தட்டியது. அவர்கள் மலைக்குப் புறப்பட்ட பிறகு குமாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் கட மூடணும்னு டெய்லி துஆ கேட்டேன்டா. மன்னிச்சிடு."

"அடப் பாய்! அதான் ஆடியிலருந்து என் இடுப்பு புடிச்சிகினு கெடக்குதா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நான் சிரிக்கவில்லை, அழுதேன்.

மேப்பில் பட்டறையைத் திறந்துவைத்தவனும் அவன்தான். வாசலையும் பம்ப் மெஷினையும் படம் எடுத்துப் போட்டான். டீசல் பம்ப் வேலை செய்யப்படும் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மூடியிருக்கும் என்றும் மறக்காமல் போட்டான். வேலை முடிந்து போகிறவர்களிடம் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள் என்றான். முதலில் எழுதியது அந்தப் புத்தூர் அம்மாதான். தெலுங்கில் இருந்ததைக் குமார் எனக்குப் படித்துக் காட்டினான். சில வாரத்தில் நகரியிலிருந்தும் ரேணிகுண்டாவிலிருந்தும் போன் வரத் தொடங்கியது. மச்சானிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மெஷின் அதே இடத்தில் இருக்கிறது, நானும் என் பிள்ளைகளோடு இருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

நொந்துபோய் உட்கார்ந்திருக்கிற என் சகோதர சகோதரிகளே, அல்லாஹ்விடமே கேளுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதமாக நான் கேட்டதை அல்லாஹ் தரவில்லை. தந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை குமாரின் கடை மூடிக் கிடந்திருக்கும். அந்த வேனை என் வாசலுக்கு இழுத்து வர வேறு யார் இருந்தார்கள்?