ஜிம்மிக்குப் பூசிய பழைய ஒயில்

எதற்கும் பயப்படுகிற ஆள் நான். போன வருடம் நெல் வெட்டும் காலத்தில் எங்கள் நாய் ஜிம்மி வயிறு சிவக்கச் சிவக்கச் சொறிந்தான். பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுமோ என்று பயந்து, உழவு இயந்திரத்தில் கழித்த பழைய என்ஜின் ஒயிலை அவன் உடம்பெல்லாம் பூசினேன். எங்கள் பக்கம் நாய்ச் சொறிக்கு அதுதான் மருந்து.

அவன் அதை நக்கி நக்கி, மத்தியானம் வாந்தி எடுத்து விழுந்துவிட்டான். எனக்கு அழுகைகூட வரவில்லை. என் மனுசன்தான் சாக்கில் தூக்கி, ஓட்டோவில் முருங்கன் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். நான் சும்மா பக்கத்தில் இருந்தேன்.

மிருக வைத்தியர் ஒயிலைக் கழுவி, ஊசி போட்டார்.

"முந்தியும் இப்பிடிச் சொறிஞ்சவனோ?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர், ஒவ்வொரு வருசமும் நெல்லு வெட்டேக்க. இந்த முறைதான் இவ்வளவு கூட."

"அப்ப இது தொத்துற சொறி இல்லையம்மா. வைக்கோல் தூசி அவனுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. ஒயிலை மெசினுக்கே விடுங்கோ."

மூன்றாம் நாள்தான் ஜிம்மி கஞ்சி குடித்தான்.

இப்போது வெட்டு மெசின் வயலில் இறங்கினால் அவனை வீட்டுக்குள் கட்டிவைக்கிறேன். பின்னேரம் ஈரத்துணியால் காலும் வயிறும் துடைக்கிறேன். டொக்டரைக் கேட்காமல் எதுவும் பூசுவதில்லை. துணியோடு கிட்டப் போனால், முதலில் என் கையை மணந்து பார்க்கிறான். ஒயில் மணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வயிற்றைக் காட்டிப் படுக்கிறான்.