நெய்னா முகம்மதுவின் புள்ளி

நெய்னா முகம்மது குளத்தில் இறங்கி வால்வு திருடுகிறார் என்று சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடையில் ஒரு பேச்சு. அதுவும் தாமே விற்ற வால்வை! ஹஜ்ஜுக்குப் போக வேண்டிய வயதில் இதென்ன கேடு என்று ஒருவர் வருந்தினார். வருந்திக்கொண்டே இன்னொரு குவளை தே தாரிக் கொண்டுவரச் சொன்னார்.

கேட்டதை அப்படியே எழுதியிருந்தால் வேலை மிச்சம். கெட்ட புத்தி, விசாரிக்கப் போனேன்.

முதலில் அகப்பட்டவர் லாரி ஓட்டும் தனசேகரன். "திருட்டா? நான்தானே ஏத்திட்டுப் போறேன்லா! பழசைக் கழட்டுறாரு, புதுசை மாட்டுறாரு. அந்தத் திருடனை எங்க வீட்டுக்கும் அனுப்புங்கண்ணே, பைப்பு ஒழுகுது."

நெய்னா முகம்மதுவின் கடை அருகிலேயே ஒரு சந்தில். பொத்தோங் பாசிர் கீரைத் தோட்டங்களுக்கு வேண்டிய குழாய், எல்போ, கேட் வால்வு எல்லாம் உண்டு. ஆனாலும் ஆட்கள் தேடி வந்தது ஃபுட் வால்வுக்குத்தான். பம்பு உறிஞ்சும் குழாயின் நுனியில், குளத்துக்குள் கிடக்கும் சாமான் அது. அதன் மூடி சரியாக உட்காராவிட்டால் குழாயிலிருக்கும் தண்ணீர் குளத்துக்கே திரும்பிவிடும். பம்பு காற்றைக் குடித்துச் சூடேறிச் சாகும்.

அதனால் ஒவ்வொரு வால்விலும் மூன்றடிக் குழாயை முறுக்கி, தண்ணீர் நிரப்பி, காலையிலேயே உத்தரத்தில் தொங்கவிடுவார். கீழே ஒரு பத்திரிகையை விரிப்பார். நண்பகல் லுஹர் தொழுகைவரை தாள் நனையாவிட்டால் எஃகு ஆணியால் வால்வின் தோளில் ஒரு புள்ளி அடிப்பார். நம் பத்திரிகைகளுக்கு இதைவிட நேர்மையான வேலை வாய்த்ததில்லை. எந்த மொழியும் படிக்கத் தெரியாத தோட்டக்காரர்களுக்கும் அந்தப் புள்ளியைப் படிக்கத் தெரிந்திருந்தது.

கடையில் கூட்டாளி காதர் மைதீன், ஊரிலிருக்கும் மனைவி நஃபீசாவின் தம்பி. ஒருவர் ஊருக்குச் சபர் என்று பயணம் போனால் மற்றவர் கடையைப் பார்ப்பது வழக்கம். அறுபத்திரண்டாம் வருஷம் நெய்னா முகம்மதுவின் முறை. கப்பலேறும் நாளில் சாவிக்கொத்தோடு ஆணியையும் கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த மச்சினனுக்குப் பாடமா எடுக்க வேண்டும்?

அடுத்த வருஷம் திரும்பியபோது மழை பொய்த்து, ஊரே குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருந்தது. கடையில் அலமாரி நிறையப் புள்ளி வைத்த வால்வுகள். பழக்கதோஷத்தில் ஒன்றைத் தொங்கவிட்டார். நிமிஷத்தில் தலையங்கம் நனைந்தது. இரண்டாவதும் ஒழுகியது. மூன்றாவதும். மூடியின் தோல் சுருங்கிப்போன மலிவுச் சரக்கு.

"மைதீன், இதையெல்லாம் சோதிச்சியா?"

"சனம் புள்ளி கேட்டுச்சு மச்சான். குடுத்தேன்."

"சோதிச்சியான்னு கேட்டேன்."

"சொட்டுதா சொட்டலையான்னு பேப்பரைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? நான் ஏவாரமுல்ல பாத்தேன்!"

அடுத்த மாதம் மைதீனின் சபர் முறை. அதில் மட்டும் வழக்கம் தவறாமல் கப்பலேறிவிட்டார். நெய்னா முகம்மது நடந்ததையெல்லாம் மனைவிக்கு எழுதினார். கடிதத்துக்கு முன்பே தம்பி பட்டுச்சேலையோடு போய்ச் சேர்ந்திருந்தார். நஃபீசாவின் பதில் சுருக்கமாக இருந்தது: "ஒரு புள்ளிக்காக என் தம்பியைக் கள்ளனாக்காதீர்கள்."

"கல்லாவுல கை வச்சிருந்தாக்கூட, பய கஷ்டப்பட்டான்னு விட்டிருப்பேன்," என்றார் நெய்னா முகம்மது என்னிடம். தோளில் கிடந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மைதீன் விற்றதில் எந்த வால்வு எந்தத் தோட்டத்துக்குப் போனது என்பது தனசேகரனுக்கு நினைவிருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. வற்றிய குளங்களில் முழங்கால் சேற்றில் நின்று நெய்னா முகம்மது நாற்பதை மாற்றினார். தேநீர்க்கடையில் பேசியவர்கள் கண்ட திருட்டு இதுதான்.

மிச்சம் ஒன்று சீனத் தோட்டக்காரர் ஆ செங்கின் தோட்டத்தில். அங்கே பம்பு ஏற்கெனவே கருகிவிட்டது. கடுகுக்கீரைப் பாத்திகள் காய்ந்து வைக்கோலாய்க் கிடந்தன. ஆ செங் புது வால்வைக் கையால் தொடவில்லை. சந்தை மலாயில் நடந்த அந்தப் பேச்சைத் தனசேகரன்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"தப்பு என் மச்சினன் செஞ்சது, தவ்கே."

"உன் மச்சினனை எனக்குத் தெரியாது. நான் வாங்குனது உன் புள்ளியை."

"அதை அடிச்சது அவன்."

"ஆணியைக் குடுத்தது யாரு?"

நெய்னா முகம்மது வால்வைத் தூக்கிக்கொண்டு லாரிக்குத் திரும்பினாராம்.

இப்போது அவர் புள்ளி வைப்பதில்லை. வாங்குகிறவரையே உட்காரவைத்து, ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். பாதிப் பேர் பொறுமையில்லாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் போயிருந்தபோது ஒருவர் மேசை ஓரத்திலிருந்த இரண்டங்குல வால்வை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன விலை, பாய்?"

"அதை வைங்க. ஆ செங்குக்குக் குடுக்க வேண்டியது."

"எப்ப வந்து எடுத்துக்குவாரு?"

"வரமாட்டாரு," என்றார் நெய்னா முகம்மது.