பேண்டு மாஸ்டருக்கு விட்ட இடம்

புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. அன்னவாசல் கடைத்தெருவுக்குப் பின்னால் மாமியார் வீடு. மாப்பிள்ளை பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். கடல் கடந்து பிழைக்கப் போவதை எங்கள் ஆட்கள் சபர் என்பார்கள். சபர் போகிறவருக்குப் பெண் கொடுத்தால் பெட்டி பெட்டியாகச் சாமான் வரும் என்று என் அத்தாவிடம் யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். பொய் சொல்லக் கூடாது, சாமான் வந்தது. ஆளைத்தான் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணில் பார்க்க முடிந்தது.

சபரிலிருந்து வந்தவர் பெட்டியைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். அது எங்கள் பழக்கம். தனியாகத் திறந்தால் எதையோ ஒளித்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். முதல் தடவை அவர் வந்தபோது கைலி, செண்டு பாட்டில், டார்ச் லைட், தைலம் எல்லாம் ஒவ்வொரு கையாகப் போய், பெட்டி காலியான பிறகு, அடியில் துணி சுற்றிக் கிடந்த இரண்டு மரப் பொம்மைகளை எடுத்து என்னிடம் நீட்டினார். ஊருக்கெல்லாம் சேலை, எனக்குப் பொம்மை. எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

ஆனால் கையில் வாங்கியதும் கோபம் போய்விட்டது. ஒரு சாண் உயரத்தில் சிவப்புச் சட்டை போட்ட பேண்டு சிப்பாய்கள். ஒருவனுக்கு மேளம், ஒருவனுக்கு ஊதுகுழல். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கும். எப்படித் திருப்பி வைத்தாலும் அப்படியே நிற்பார்கள்.

"இது ஒரு செட்டு. கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்துக்கிட்டு வாரேன். கடைசியாக் கோலு வச்சுக்கிட்டு முன்னாடி போற பேண்டு மாஸ்டர். அவனை என்னைக்குக் கொண்டு வாரேனோ அன்னையோட சபரு முடிஞ்சுச்சு. அப்புறம் எங்கிட்டும் போகமாட்டேன்" என்றார்.

"அப்ப அந்த மாஸ்டரையே மொதல்ல வாங்கியிருக்கலாம்ல மச்சான்?" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மாமிக்குப் பொம்மைகள் பிடிக்கவில்லை. தொழுகிற வீட்டில் கண்ணும் மூக்கும் வைத்த உருவம் என்னத்துக்கு என்றார். மகன் வாங்கி வந்தது என்பதால் வெளியே போடவும் மனசு வரவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கண்ணாடி அலமாரியில் இருக்கலாம், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் திரை போட்டுவிட வேண்டும். "ஏ புள்ள, பாங்கு சொல்லியாச்சு, ஒஞ் சிப்பாயிகளுக்குத் திரையைப் போடு" என்று மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். சமையல் அவர் கையை விட்டு வரவில்லை.

மச்சான் கப்பல் ஏறிப் போன அடுத்த கோடையில் மேளக்காரனின் கை தொங்கிவிட்டது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. உடம்புக்குள் ஓடிய ரப்பர் இற்றுப் பொடியாகிவிட்டது. இருவருக்கும் முழங்கால் ஆணிகள் மரம் சுருங்கி ஆடத் தொடங்கின. நிறுத்தினால் சரிந்து விழுந்தார்கள். செட்டு சேர்ந்தால் சபர் முடியும் என்று அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் குறைந்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பமாகிவிடும் என்று பயம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தனியாக இருக்கிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப் ஒன்று கேட்டு வாங்கி வரச் செய்தேன். அதைக் கத்தரியால் கயிறு மாதிரி மெலிதாக நறுக்கி, கொண்டை ஊசியை வளைத்துக் கொக்கியாக்கி, ஒரு தோளில் விட்டு மறு தோளில் இழுத்துக் கட்டினேன். கை விறைப்பாக ஏறி நின்றது. முழங்காலுக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. ஆணி போகிற ஓட்டை பெரிதாகிவிட்டது. தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரப் பசையை ஓட்டைக்குள் மெல்லத் தடவிக் காய வைத்தேன். அது காய்கிற வரை காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஊதுகுழல்காரனின் வலது கால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் இன்று வரை அட்டென்ஷனில்தான் நிற்கிறான்.

அதற்குப் பிறகு பக்குவம் வந்துவிட்டது. மதியத்து லுகர் தொழுகை முடிந்து மாமி கண்ணயர்ந்ததும் ஒரு சிப்பாயை மடியில் போட்டுக்கொண்டு, பசை காய்கிற வரை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வருகிறவர்களின் கார் சில நாள் தெருமுனையில் நின்று வழி கேட்கும். எவ்வளவோ தூரத்திலிருந்து ஆட்கள் பாறையில் அழிந்துபோன படத்தைப் பார்க்க வந்துவிடுகிறார்கள், எங்கள் வீட்டு ஆளுக்கு மட்டும் வழி தெரியவில்லை என்று எரிச்சலாக வரும்.

இரண்டாம் தடவை வந்தபோது கொடிக்காரனையும் தாளக்காரனையும் கொண்டு வந்தார். பழையவர்கள் இருவரையும் அசைத்துப் பார்த்து அசந்துபோனார். "புதுசு கூட இம்புட்டு டைட்டா இருக்காது" என்றார். அவர் வாயால் நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். அவர் இருந்த இரண்டு மாதமும் வீட்டில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு கப்பல் வந்தது, போய்விட்டார்.

அலமாரியில் நால்வரையும் பக்கத்துக்கு இருவராக நிறுத்தி, நடுவில் மாஸ்டருக்கு இடம் விட்டேன். சாயம் போன சட்டைகளுக்குச் சைக்கிள் கடைச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். உரிந்த புருவங்களுக்கு என் சுர்மாவைப் பசையில் குழைத்துத் தீட்டினேன். நான் கண்ணுக்கு இட்டு யார் பார்க்கப் போகிறார்கள்? அவர்களாவது அழகாக இருக்கட்டும். பொம்மையோடு பேசுகிற அளவுக்கு நான் போகவில்லை. திட்டியது உண்டு.

அடுத்த மூன்று வருஷம் முடிந்தது. அவர் வரவில்லை. கடையில் ஆள் இல்லை, முதலாளி விடவில்லை என்று கடிதம் வந்தது. மாமி மௌத்தானார். மையத்தைத் தூக்கி அடக்க மகன் இல்லை. அதற்குப் பிறகு திரை போடச் சொல்ல ஆள் இல்லாமல் நானே பாங்கு கேட்டு நானே எழுந்து போட்டேன். வீட்டில் நான் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் போல வேதனை ஒன்று கிடையாது. யாராவது எதையாவது இடம் மாற்றி வைத்து, அதற்கு ஒரு சண்டை போடமாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் விராலிமலைப் பக்கமிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். காதோரம் நரைத்திருந்தது. பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெட்டி காலியானதும் அடியிலிருந்து துணிச் சுருளை எடுத்து, எல்லார் முன்னாலும் பிரித்தார். தங்கக் கலர் பட்டையும் கையில் கோலுமாக பேண்டு மாஸ்டர்.

"சபரு முடிஞ்சுச்சு. இனிமே போகலை" என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது அதுதான் எனக்கு முதல் தடவை.

மறுநாள் மதியம் மாஸ்டரை அவனுடைய இடத்தில் நிறுத்தப் போனேன். நிற்கவில்லை. கோல் பிடித்த கை தொளதொளவென்று ஆடியது. அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். "அது கொஞ்சம் லூசா இருக்கு, நீ சரி பண்ணிருவேல்ல?" என்று அங்கிருந்தே சொன்னார். பண்ணிருவேன் என்று சொல்லி மடியில் போட்டுக்கொண்டேன்.

கடையிலிருந்து புதிதாக வருகிற மூட்டு விறைப்பாக இருக்கும், திருப்பினால் கிறீச்சென்னும். இது பல நாள் ஆடி ஆடித் தேய்ந்த மூட்டு. தோளைக் கழற்றினேன். உள்ளே முளையைச் சுற்றி ரோஸ் கலர்ப் பட்டு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. கடைசியில் போட்டிருந்த முடிச்சு மிளகு அளவுகூட இல்லை. அதன் மேல் நகத்துக்குப் பூசுகிற சிவப்பை மெல்லத் தடவிக் காய வைத்திருந்தார்கள். ஊதுகுழல்காரனின் கால் ஒட்டிப்போன பிறகு எனக்குத் தெரிந்த பக்குவம் அந்தக் கைக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. நல்ல கை. என் கையைவிட நல்ல கை. அதுதான் முதலில் சுருக்கென்று குத்தியது. மற்றது பிறகுதான் உறைத்தது.

கோலின் நுனியைப் பார்த்தேன். பெயிண்ட் போய், மரத்தில் சின்னச் சின்னப் பல் பதிந்திருந்தது.

பாங்கு சொன்னார்கள். எழுந்து திரை போட்டுவிட்டு, தொழுதுவிட்டு வந்தேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டரை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"புள்ளைக்கு என்ன வயசு மச்சான்?" என்றேன்.

அவர் பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. எந்தப் புள்ளை என்று அவர் கேட்டிருந்தால் நான் அவரை ஜென்மத்துக்கும் மன்னித்திருக்கமாட்டேன். அவர் கேட்கவில்லை.

"வார நோம்புக்கு நாலு முடியுது" என்றார்.

"ஆம்பளப் புள்ளையா?"

"பொட்டப்புள்ள."

"அது கையிலேர்ந்து புடுங்கிக்கிட்டா வந்தீங்க?"

"தூங்கும்போது எடுத்தேன்" என்றார். "ஒனக்குச் சொல்லியிருந்தேன்ல."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தத் தெருவில் என் கோபத்துக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்குப் பார்த்து அது என்னைக் கைவிட்டுவிட்டது. எனக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார். போகமாட்டேன் என்று சொன்னதும் நிஜம்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைசி வரை இங்கேயே இருந்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நாலைந்து நாள் மதியமானால் மாஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த ரோஸ் நூலை நான் அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே என் வெள்ளை நூலை மெழுகு தேய்த்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். உள்ளே சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்துக் கட்டினேன். முழங்காலுக்குப் பசை தடவிக் காய்கிற வரை மடக்கி நீட்டினேன். புருவத்துக்குச் சுர்மா. பல் பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. குழந்தை திரும்ப வாயில் வைக்கும், பெயிண்ட் ஆகாது.

அவருடைய பெட்டியை இறக்கி, கைலிகளுக்கு நடுவே மாஸ்டரைத் துணி சுற்றி வைத்தேன். அவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு?" என்றார்.

"புள்ள தேடி அழும். கொண்டுபோய்க் குடுங்க."

"நான் போகலைன்னு சொன்னேன்ல."

"பொம்மை தன்னால நடந்து போகுமா மச்சான்?" என்றேன்.

நான் பெரிய மனசுக்காரி என்று பின்னால் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எரிச்சலாக இருந்தது. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. நான் காத்திருந்த இடத்தில் ஒரு பிள்ளையின் பல் பட்ட பொம்மையை நிறுத்தி, பாங்குக்குப் பாங்கு அதற்குத் திரை போட்டு மறைக்க என்னால் முடியாது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தூங்கி எழுந்து கையைத் துழாவுகிற அந்தப் பிள்ளைதான் தெரிந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாமல் போவதும் வேதனைதான் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த கப்பலுக்குப் போனார். வாசலில் நின்று, "வாரேன்" என்றார். ஒவ்வொரு தடவையும் "எப்ப?" என்று கேட்பேன். அன்று கேட்கவில்லை. கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, அலமாரியைத் திறந்து, நடுவில் விட்டிருந்த இடத்தில் என் சுர்மாக் கூட்டை எடுத்து வைத்தேன்.