ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன்

என் சித்தப்பாவின் கல்யாணம் ஓர் எஞ்சினால் நின்றுபோக இருந்தது. அந்த எஞ்சினை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காததுதான் பிரச்சினையே.

சித்தப்பா, அப்பாவுக்கு ஒரே தம்பி. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து வருஷம் டாங்கிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக இருந்தார். லீவில் அடி அண்ணாமலைக்கு வரும்போதெல்லாம் கதைகளோடு வருவார். பாலைவன வெயிலில் டாங்கியின் தகட்டின் மேல் சப்பாத்தி சுட்ட கதை, ஒட்டகம் ஒன்று அவருடைய தொப்பியைத் தின்ற கதை. எல்லாவற்றையும் நம்பினோம். ஒன்றை மட்டும் நம்பவில்லை. அவர் வேலை பார்த்த பழைய டாங்கியின் எஞ்சினுக்கு ஹெட்டே கிடையாது என்பார். சிலிண்டர் ஆறுதான், ஆனால் பிஸ்டன் பன்னிரண்டு என்பார்.

ஒட்டகம் தொப்பி தின்னும் என்று நம்பிய குடும்பம் இதை நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஒட்டகத்தை எங்களுக்குத் தெரியாது, எஞ்சினைத் தெரியும். எங்கள் கிணற்றில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. சிலிண்டர் என்ற இரும்புக் குழாய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். சிலிண்டருக்கு மூடி போல மேலே உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்புதான் ஹெட். காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அதிலுள்ள வால்வுகள் வழியாகத்தான். அந்த ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கட், வருஷத்துக்கு ஒரு முறை, வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சியே ஆகவேண்டிய வாரமாகப் பார்த்துப் போய்விடும். அப்பா ஹெட்டைக் கழற்றிக் கோணிப்பையில் கட்டிச் சைக்கிளில் டவுனுக்குக் கொண்டுபோவார். அப்படிப்பட்டவரிடம் போய் ஹெட் இல்லாத எஞ்சின் என்றால் எப்படியிருக்கும்?

"மூடி இல்லாத குக்கர்ல சாதம் வேகுமாடா? காத்து எங்க போய் முட்டும்?" என்று கேட்பார்.

"எதிர்ல இன்னொரு பிஸ்டன் வருதுண்ணா. அதும்மேல முட்டும்."

"சரி சரி, சாப்புடு."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்காக வீட்டு முன்னால் இளநீர்க் கடை போடுவோம். சித்தப்பா லீவில் இருந்தால் அவரும் வந்து உட்காருவார். "என் தம்பி, மிலிட்டரி. ஹெட் இல்லாத எஞ்சினையே ரிப்பேர் பண்றவன்" என்று அப்பா முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அறிமுகம் செய்துவைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார்.

பதினைந்து வருஷம் முடிந்து பென்ஷனோடு அவர் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. முப்பத்துமூன்று வயது மாப்பிள்ளைக்குப் பெண் அமைவது சுலபமாக இல்லை. சிலருக்கு அவர் வயது ஜாஸ்தி, சிலருக்கு முடி கம்மி. ஒரு வருஷம் அலைந்த பிறகு வேங்கிக்காலில் ஓர் இடம் கூடி வந்தது. பெண் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய அண்ணன் பைபாஸ் ரோட்டில் லாரிகளுக்கு டீசல் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அப்பா இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். இரண்டு மெக்கானிக்குகளுக்குப் பேச விஷயம் இருக்கும் என்றார்.

விஷயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நால்வரும் ஒரு வாடகை வேனில் போனோம். வேங்கிக்காலில் அப்போதுதான் புது வீடுகள் வந்துகொண்டிருந்தன. அவர்கள் வீட்டு முன்னால் சாக்கடை வேலைக்காகப் பெரிய சிமென்ட் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே கேசரியும் பஜ்ஜியும் வந்தன. தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தது பெண்ணின் அக்கா. அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவரைக் கட்டியவன் மிலிட்டரி என்று சொல்லி, யூனிஃபார்ம் போட்ட போட்டோவும் சீல் வைத்த காகிதங்களும் காட்டிக் கல்யாணம் செய்துகொண்டானாம். ஆறு மாதம் கழித்துத்தான் அவன் எந்தப் படையிலும் இல்லை என்று தெரிந்ததாம். அம்மாவுக்கு இது முன்பே தெரியும். அப்படி ஏமாந்த வீடு என்பதால்தான் சித்தப்பா தன் காகிதங்களை எடுத்து நீட்டியபோது, அண்ணன்காரர் மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"காகிதம் கெடக்கட்டும் சார். எந்த வண்டியில வேல பாத்தீங்க?"

"டாங்கிங்க."

"எஞ்சின் எத்தினி சிலிண்டர்?"

"ஆறு சிலிண்டர். பன்னெண்டு பிஸ்டன்."

அப்பா கையிலிருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மா குனிந்து என் காதருகே, "இன்னிக்காவது ஆறோட நிறுத்தக் கூடாதா இந்த மனுசன்" என்று முணுமுணுத்தாள்.

"ஆறு சிலிண்டருக்கு ஆறு பிஸ்டன்தானே சார்?" என்றார் அண்ணன்காரர், மெதுவாக.

"இல்லீங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு. எதிரும் புதிருமா. ஹெட் கிடையாது."

அண்ணன்காரர் தட்டைக் கீழே வைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பத்தொம்பது வருசமா எஞ்சின் பிரிக்கிறேன். ஹெட் இல்லாம ஒண்ணு பாத்ததில்ல. நாங்க விசாரிச்சிட்டு சொல்லி அனுப்பறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குக்கூடத் தெரியும். அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பா மட்டும் எழவில்லை. காகிதங்களை ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணா, தப்புன்னு சொல்றதுக்கு முன்னால எப்படி ஓடும்னு கேளுங்களேன்."

பெண்தான். அதுவரை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்று அம்மா பிறகு பலமுறை சொன்னாள். சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். டம்ளரையும் கரண்டியையும் எடுத்தார், வைத்தார். பிறகு வாசலுக்கு எழுந்து போனார். எல்லோரும் பின்னால் போனோம்.

வெளியே கிடந்த குழாய்களில் இரண்டு, நுனியோடு நுனி ஒட்டிக் கிடந்தன. என்னைப் போன்ற பிள்ளைகள் தவழ்ந்து போகிற அகலம். சித்தப்பா என்னை ஒரு முனையில் நிறுத்தினார். அண்ணன்காரருக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான், அவனை மறுமுனையில் நிறுத்தினார். ஒரு செங்கல் துண்டை எடுத்து, குழாயின் இரண்டு முனைகளுக்கும் அருகே வரிசையாக வட்டங்கள் வரைந்தார்.

"இது சிலிண்டர். இவங்க ரெண்டு பேரும் பிஸ்டன். பாப்பா பக்கம் இருக்கிறது காத்து வர்ற ஓட்டை, தம்பி பக்கம் இருக்கிறது புகை போற ஓட்டை. வால்வு வேணாம். பிஸ்டனே ஓட்டையை மூடும், தொறக்கும். இப்போ ரெண்டு பேரும் உள்ள வர்றாங்க. ஓட்டை மூடிக்கிச்சு. காத்து நடுவுல மாட்டிக்கிச்சு. எங்கயும் போவ முடியாது, நசுங்குது, சூடாவுது. நம்ம எஞ்சின்ல அது ஹெட்டுல முட்டும். இங்க எதிர் பிஸ்டனே ஹெட்டு மாதிரி."

பிஸ்டனாகிய நான் பட்டுப்பாவாடையோடு தவழ்ந்தேன். உள்ளே சிமென்ட் வாசனையும் நாய் வாசனையும் அடித்தன. நடுவில் அந்தப் பையனின் முகம் என் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் வந்தது. அவன் வாயில் இன்னும் கேசரி இருந்தது.

"இப்போ பக்கவாட்டுல டீசல் பீச்சுறோம். டமார்!" என்று சித்தப்பா குழாயைத் தட்டினார். "ரெண்டு பேரும் பின்னாடி போங்க! வெடிக்கிற வேகத்துல ஒண்ணு இந்தப் பக்கம் ஒரு ஷாஃப்டைச் சுத்தும், இன்னொண்ணு அந்தப் பக்கம் ஒரு ஷாஃப்டைச் சுத்தும். ரெண்டையும் பல்சக்கரம் போட்டு இணைச்சிருக்கும். மொதல்ல புகை ஓட்டை தொறக்கும், அப்புறம் காத்து ஓட்டை. புதுக் காத்து இந்த முனையில பூந்து பழைய புகையை அந்த முனையில தள்ளிட்டுப் போவும்."

பையன் சரசரவென்று பின்னால் போய்விட்டான். என்னால் முடியவில்லை. இரண்டு குழாய்களும் சேருமிடத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்று பாவாடையில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். இன்னும் இறுகியது. முட்டி பாவாடையின் மேல் இருந்ததால் காலையும் எடுக்க முடியவில்லை. வெளிச்சம் இரண்டு பக்கமும் ரொம்பத் தூரத்தில் தெரிந்தது. நான் கத்த ஆரம்பித்தேன்.

குழாய்க்குள் ஒருவர் கத்தினால் பத்துப் பேர் கத்துவது போலிருக்கும். எனக்கே பயமாக இருந்தது. வெளியே அம்மாவும் கத்தினாள். சித்தப்பா உள்ளே நுழையப் பார்த்தார், தோள் கொள்ளவில்லை. குழாயை உருட்டலாம் என்றார் யாரோ. "உருட்டாதீங்க, புள்ள நசுங்கிடும்!" என்று சித்தப்பா அலறினார். அவர் அலறி அதுவரை நான் கேட்டதில்லை.

பிறகு பையன் போன பக்கம் வெளிச்சம் மறைந்தது. கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. மல்லிகைப் பூ வாசனை வந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவையோடு, நாங்கள் பார்க்க வந்த பெண் குழாய்க்குள் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார்.

"அழுவாத கண்ணு. எத்தினாங் கிளாஸ் படிக்கிற?"

"நாலாவது."

"பதினேழாம் வாய்ப்பாடு தெரியுமா? சொல்லு பாக்கலாம்."

பதினேழாம் வாய்ப்பாடு எனக்கு எப்போதுமே தகராறு. மூன்றாம் வரியில் திணறிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைத் தாண்டிக் கையை விட்டு, துணியைச் சர்ரென்று கிழித்துக் கம்பியிலிருந்து விடுவித்துவிட்டார். நான் வெளியே வந்து விழுந்தேன். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மறுமுனையில் அந்தப் பெண் வெளியே வந்தார், புடவையெல்லாம் சிமென்ட் தூசியோடு, கொண்டை சரிந்து. மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்:

"உள்ள போய்ப் பாத்துட்டேன்ணா. நடுவுல ஹெட்டுக்கு எடமே இல்ல."

முதலில் சிரித்தது அந்த அக்காதான், தட்டு வைக்கும்போது முகம் பார்க்காதவர். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்காரர் மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்ப் போனை எடுத்தார். தனக்குத் தொழில் பழக்கிய ராணிப்பேட்டை பாயிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் கூடத்தில் நின்று ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்டோம்.

"பாய், ஹெட் இல்லாம எஞ்சின் உண்டா?... இல்ல பாய், குடிக்கல. மணி பதினொண்ணுதான் ஆவுது... ஒரு சிலிண்டர்ல ரெண்டு பிஸ்டன், எதிர் எதிரா... ம்... ம்... லாரியிலயா?"

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி பிஸ்டன்?... நீங்களே பிரிச்சீங்களா?... சரி பாய்... ஆமா பாய், என் தப்புதான்."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். பிறகு சொன்னார், பாய் சின்ன வயதில் மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு சீமை லாரி வந்ததாம். டிரைவர் சீட்டுக்கு அடியில் எஞ்சின் படுத்திருக்குமாம். மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன், ஹெட் இல்லை. கப்பல்களிலும் அந்த மாதிரி உண்டாம். ரயில் எஞ்சினிலும், நீர்மூழ்கியிலும், ஒரு காலத்தில் விமானத்திலும்கூட அது ஓடியது என்று நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போதும் சில நாடுகளில் அதை மறுபடி லாரிகளுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்களாம். ஹெட் இல்லாததால் ஹெட் வழியாக வீணாகிற சூடு மிச்சம், அதனால் டீசலும் மிச்சம். அன்றைக்கு எங்களுக்குப் பாயின் ஒரு லாரி போதுமானதாக இருந்தது.

"அவ்ளோ நல்ல எஞ்சினை ஏன் சார் விட்டுட்டாங்க?" என்று அண்ணன்காரர் கேட்டார். இந்த முறை கேள்வியில் சோதனை இல்லை, ஒரு மெக்கானிக்கின் ஆசை இருந்தது.

"யார் சொன்னா நல்ல எஞ்சின்னு?" என்றார் சித்தப்பா. "புகைன்னா அப்படிப் புகை. ஆயில் குடிக்கும். புகை போற பக்கத்துப் பிஸ்டன் சூட்டுல சிக்கிக்கும். ஒரு சின்ன வேலைக்கும் மொத்தத்தையும் வெளிய தூக்கணும். அது ஓடினதைவிட அதுக்காக நாங்க ஓடினது ஜாஸ்தி."

அண்ணன்காரர் அப்போதுதான் சிரித்தார். "கத வுடறவரு இப்படி அத கொற சொல்ல மாட்டாரு" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "மாப்ள, கேசரி ஆறிடுச்சு, வேற கொண்டாரச் சொல்றேன்" என்றார். சாரை விட்டு மாப்பிள்ளைக்கு மாறியதை அம்மா உடனே கவனித்துவிட்டாள். என் தோளைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்தது. அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது போலிருந்தது.

திரும்பும்போது வேனில் சந்தோஷமாகத்தான் இருந்தோம், ஆனால் களைத்திருந்தோம். கலெக்டர் ஆபீஸ் தாண்டி மலை பக்கவாட்டில் வரத் தொடங்கியதும், முன் சீட்டிலிருந்த அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நானும் நம்பலடா. இத்தினி வருசமா."

"தெரியும்ணா," என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். பிறகு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் பேசாதே என்று தலையை அசைத்தாள். அப்பாவின் கழுத்து மட்டும் தெரிந்தது, அவரும் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

கல்யாணம் நிச்சயமானால் பெண்கள் அழுவார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும், அடுத்த தெருவில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைகளும் அழுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இதை ஒரு முக்கியமான கண்டுபிடிப்பாகப் பள்ளிக்கூடத்தில் பலரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு போன ஒவ்வொரு கல்யாணத்திலும் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட அழவில்லை. ஏன் என்று எனக்கு ரொம்ப வருஷம் விளங்கவில்லை.