உச்சிப் பூசை மணியில் எடுத்த படம்

அந்தக் கேமராவை எனக்குக் கொடுத்தவர் சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர். தீபாவளிக்குள் என்னை நம்பி ஒரு குடும்பமாவது படம் எடுத்துக்கொண்டால் நானே அதை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. நான் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை வேலையை முதலாளியோடு சண்டை போட்டு விட்டுவிட்டு வந்தவன். திரும்பிப் போய் அவர் முன்னால் கைகட்டி நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் புளியமரத்தடியில் மூன்று கால்களை விரித்துக் கேமராவை நிறுத்தினேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் முன்னால் வந்து நிற்கவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று ஒரு வியாபாரி சொன்னார். "உங்க ஆயுச வாங்கி நான் எங்கீங்க வெக்கறது? எங்கூட்டுல எடமில்லீங்க" என்றேன். மிச்சமிருந்தவர்களும் நகர்ந்துவிட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்தடுத்த சந்தைகளிலும் இதே கதைதான். ஒருநாள் மலையிலிருந்து மிளகு கொண்டுவந்த ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலேயே கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஏனுங்க, சந்தையே தலகீழா நடக்குதுங்க. ஒருத்தருங்கூட உழுவல" என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். கோயிலுக்குள்ளிருந்து வருகிறவர் முகம் போல இருந்தது. நான் தினமும் பார்க்கிற காட்சிதான் அது. ஆனால் அவர் போன பிறகு நானும் ஒருமுறை துணிக்குள் போய்ப் பார்த்தேன்.

அதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். "எங்காத்தாளுக்கு ஒடம்பு முடியலீங்க. மழைக்கு முன்னால படுத்தது, இன்னும் எந்திரிச்சு நிக்கல. தூக்கித்தான் உக்கார வெக்கறோம். அது மொகத்த இதுல புடிச்சு வெக்க முடியுமுங்களா?"

"முடியுமுங்க" என்றேன். என் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

அப்போது மேலே போக ரோடு கிடையாது. கேமராவை நானும் படம் பதிகிற கண்ணாடித் தகடுகள் இருந்த பெட்டியை அவருமாகத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். ஏற ஏறக் கீழே இருந்த ஊர்களெல்லாம் சுருங்கிக்கொண்டே போயின. பாதி மலையில் மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. இதைப் படம் பிடிக்க எந்தத் தகடு போதும் என்று நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அது சந்தைக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

வாசலூர்பட்டியைத் தாண்டி இருந்தது அவர்கள் ஊர். வீட்டு வாசலில் கேமராவை வைத்தேன். எதிரே, கொஞ்ச தூரத்தில் ஊர்க்கோயில். ஆத்தாளை மகனும் மகளும் தூக்கிவந்து, என் பக்கம் பார்க்க ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். உடம்பு காய்ந்த சுள்ளியாக இருந்தது, கண் மட்டும் கூர்மையாக இருந்தது. மற்றவர்கள் அவளுக்குப் பின்னால், கோயிலுக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றார்கள். என்னிடம் இருந்தவை நான்கே தகடுகள். ஒன்றில் குழந்தை ஓடியது, ஒன்றில் நாய் வந்தது, ஒன்றில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லென்ஸ் மூடியைத் திறந்து சில நொடி எண்ணும்வரை யாரும் அசையக் கூடாது. அதுதான் அவர்களால் முடியவில்லை. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன்.

கடைசித் தகடு. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நொடிமுள்ளையே பார்த்தபடி குனிந்து நின்றேன். அப்போது கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது. நமக்கென்ன என்று மூடியைத் திறந்தேன், எண்ணினேன், மூடினேன். அவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் ஒருவழியாக அசையாமல் நின்றுவிட்டார்கள் என்று சந்தோஷமாகத் தகட்டைப் பத்திரப்படுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

ஆத்தாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லாரும் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

உச்சிப் பூசை மணி கேட்டால் அந்த ஊரில் யார் எந்த வேலையில் இருந்தாலும் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு நிற்பார்களாம். தீபம் காட்டி முடியும்வரை அசையமாட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்த கோபத்தில் கேமராவை அப்படியே பள்ளத்தில் உருட்டிவிடலாம் போலிருந்தது. வேறு தகடு கொண்டுவந்து மறுபடி எடுக்கிறேன் என்று சொல்லி இறங்கினேன்.

வீட்டில் தகட்டைக் கழுவிப் பார்த்தேன். முதுகு, முதுகு, முதுகு. முதுகுகளை யார் உற்றுப் பார்ப்பார்கள்? வெறுப்போடு ஒரு பிரதி போட்டு வைத்தேன். சேலத்திலிருந்து புதுத் தகடுகள் வரத் தாமதமாயிற்று. அவை வந்ததும் அந்தப் பிரதியையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வீட்டு வாசலில் ஆத்தாள் இல்லை. போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றார் மகன். அவள் முகத்தைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை நான் விட்டுவிட்டேன், இனி யாராலும் பிடிக்க முடியாது. பிரதியைக் காட்டவே கூச்சமாக இருந்தது. அவர்தான் கை நீட்டி வாங்கினார். வீட்டார் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

ஒருவருக்கும் ஏமாற்றம் இல்லை. "இது பெரியவன். இது நானு. இது சின்னம்மா" என்று முதுகுகளைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார்கள், ஒரு நொடி தயக்கமில்லை. பிறந்ததிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவர் நடக்கிறவர்கள்.

மகளின் விரல் எல்லாருக்கும் பின்னால், கேமராவுக்கு மிக அருகில் இருந்த ஒரு முதுகின்மேல் நின்றது.

"அண்ணா, இது ஆத்தா" என்றாள். பிறகு, "நிக்குது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். முக்காலி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஆத்தாள் கோயிலைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்து, யாரும் பிடிக்காமல் தன் காலில் நின்றுகொண்டிருந்தாள். சேலையின் ஓரம் மட்டும் கலங்கியிருந்தது. மற்றவர்கள் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்ததை அந்த ஊரில் ஒரு மனிதரும் பார்க்கவில்லை. இத்தனை வருடம் படம் எடுத்தும், என் பெட்டியை நினைத்து அன்று பயந்ததுபோல் நான் பயந்ததில்லை.

விஷயம் பரவி, பக்கத்து வீட்டார் தலை சீவிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வீட்டார். எங்களையும் எடுங்க என்றார்கள். அந்தத் தீபாவளிக்குக் கேமரா சேலம் திரும்பவில்லை.

நான் கேமராவின் கால்களை விரித்து நிறுத்திக்கொண்டிருந்தபோது, மகள் மட்டும் உள்ளே சுவரோரம் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆத்தாளின் கால்கள் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"போதும் ஆத்தா. கால் வலிக்கும். உக்காரு" என்றாள்.