பர்கண்டியில் ஒரு பூட்டிய கோயில்

கடந்த ஏப்ரலில் ஸ்பிரிங் பிரேக் வந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் எட்டு வயது மகள் ரீனாவும் மட்டும் சான் ஹோசேயிலிருந்து பிரான்ஸுக்குக் கிளம்பினோம். பாரிஸின் பெரிய தேவாலயங்களை விட்டுவிட்டு ஒரு கிராமத்துப் பங்குக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தூத்துக்குடியில் பங்குக் கோயில் வளாகத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்தப் பித்து எளிதில் விடுமா?

லியோனிலிருந்து வாடகைக் காரில் வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர், பர்கண்டிப் பகுதியில் ஒரு சிற்றூர். பார்க்கிங் இலவசம், கோயிலுக்கும் கட்டணமில்லை. கார்க் கண்ணாடியை உடைத்துவிடுவார்களோ என்ற நம் பே ஏரியா பயத்தில் கைப்பையைக் காரின் பின்பக்க டிரங்கில் ஒளித்துவைத்தேன். திருடனுக்குக்கூட வழி தெரியாத ஊர் அது. ரீனாவின் ஆஸ்துமா இன்ஹேலர் அந்தப் பையில்தான் இருந்தது.

கோயில் வாசலில் தூத்துக்குடி ஞாபகம் வந்து, ஊர்ப் பழக்கத்தில் ஷூவைக் கழற்றினேன். "நோ ஒன் டஸ் திஸ், அம்மா" என்று ரீனா முகம் சுளித்தாள்.

"கோயிலுக்குள்ள ஷூவோட போகக்கூடாதுமா. கழட்டு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றி என்னுடையதன் பக்கத்தில் வைத்தாள்.

மக்கள் அமரும் நீண்ட கூடம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல் கல் கூரை. அதன் பாரம் சுவர்களை வெளியே தள்ளும் என்பதால் சுவர்கள் பயங்கரத் தடிமன், சன்னல்களோ சின்னஞ்சிறியவை. பீடப் பகுதியைப் பிற்காலத்தில் இடித்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே கூரான வளைவுகள் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கிவிடுவதால் சன்னல்கள் உயரமாக நிற்கின்றன. போர்க்காலங்களில் ஊர்ச்சனம் ஆடுமாடுகளோடு இதற்குள்தான் ஒளிந்துகொள்ளுமாம். கோபுரத்தில் அம்பு எய்யும் ஒடுங்கிய துளைகளை இன்றும் பார்க்கலாம்.

அவற்றைப் பார்க்கத்தான் சுழல்படிகளில் ஏறினோம். பாதியில் கீழே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கத்திக்கொண்டே இறங்கினோம், கூடம் காலியாக இருந்தது. பூட்டியவர் தலைவாசலை உள்பக்கமாகவே பூட்டிவிட்டு, பீடத்துக்குப் பின்னாலிருந்த அறை வழியாகப் போய் அந்தக் கதவையும் பூட்டியிருந்தார். அதனால் வாசலில் இருந்த எங்கள் ஷூக்கள் அவர் கண்ணில் படவேயில்லை.

செல்போனில் சிக்னல் இல்லை. அந்தச் சுவருக்குள் எப்படி வரும்? மணியடிக்கலாமென்றால் கயிறு இல்லை, மின்சார மணி. அதன் சுவிட்ச் பூட்டிய அறைக்குள். கதவைக் கை சிவக்கத் தட்டினேன். எதிரியை வெளியே நிறுத்தக் கட்டிய கதவு என் குரலையும் உள்ளேயே நிறுத்திவிட்டது.

ஓடியதாலும் தூசியாலும் ரீனாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "மை செஸ்ட் ஹர்ட்ஸ், அம்மா" என்றாள். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினேன். பயந்தேன், அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் பட்டதில்லை. 'அருள் நிறைந்த மரியே' மந்திரம்கூடப் பாதியில் மறந்துபோனது. சன்னல் வெளிச்சம் மங்க மங்க அவள் நெஞ்சில் விசில் சத்தம் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் கதவை ஒட்டி வெளியே ஒரு நாய் குரைத்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நாயுடன் ஒரு பெண்மணி, பின்னால் சாவியோடு வெளிறிப்போன ஒருவர். நான் வெறுங்காலோடு காருக்கு ஓடினேன். இரண்டு முறை இன்ஹேலரை இழுத்த பிறகுதான் ரீனாவின் உதட்டில் நிறம் திரும்பியது.

அந்தப் பெண்மணி பிரெஞ்சில் சொன்னதைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். பூட்டிய கோயில் வாசலில் ஒரு பெரிய ஜோடி, ஒரு சின்ன ஜோடி ஷூ. அந்த ஊரில் யாரும் அப்படிக் கழற்றுவதில்லையாம். குழந்தையின் ஷூவைப் பார்த்ததும் பதறி, சாவி வைத்திருப்பவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: சின்னக் கோயில்களில் மூடும் நேரம் எழுதியிருக்காது, உள்ளே இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரத்தில் ஏறுவதைச் சொல்லிவிட்டு ஏறுங்கள். மருந்து டிரங்கில் அல்ல, உடம்போடு இருக்கட்டும்.

திரும்பி வந்த ஞாயிறு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சான்டா கிளாரா தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. இங்கே எல்லோரும் ஷூவோடுதான் போவோம், நானும்தான். ரீனா வாசலிலேயே நின்று ஷூவைக் கழற்றினாள். இங்கே வேண்டாம், உள்ளே வா என்றேன். அவள் அதை எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"சோ சம்படி நோஸ் வீ ஆர் இன் தேர்" என்றாள்.

நானும் குனிந்து என் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன்.