இருமலை மறைத்த கல் வியாபாரி

பெல்மதுளைச் சந்தியில் இரத்தினக்கல் வாங்கி விற்கும் அப்துல் ரஸாக், யாராவது ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் ஏமாற்றப் பார்க்கிறார்களோ என்று தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கிளினிக்கில் டொக்டர் மதுஷாவோ ஒவ்வொரு முறையும் அதையே கேட்டார்: இருமல் இருக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா.

ரஸாக்கின் ஈரலில் குடியேறிவிட்ட ஹெபடைடிஸ் கிருமிக்காகக் கிழமைக்கு ஓர் ஊசி. ஈரலுக்கு மருந்து கொடுப்பவர்களுக்கு நெஞ்சில் என்ன வேலை? சிலருக்கு இந்த ஊசி நுரையீரலைப் புண்ணாக்கும் என்று டொக்டர் விளக்கியதையும் அவர் நம்பவில்லை. அவருடைய மூத்த சகோதரர், நாநா, இதே நோயில் வயிறு வீங்கிச் செத்தவர். இந்த ஊசிக்காக ரஸாக் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அதை நிறுத்தத்தான் சாக்குத் தேடுகிறார்கள் என்று முடிவுகட்டினார்.

வறட்டு இருமல் வந்தபோது தொழில் வழக்கப்படியே நடந்துகொண்டார். கல்லில் கீறல் இருந்தால் விற்கிறவன் வாய் திறக்கமாட்டான். வாங்குகிறவன் வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடிக்கட்டும். கிளினிக் நாட்களில் இருமல் வராதிருக்க வாயில் கராம்பை அடக்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்றார். மனைவி ஸாஹிரா வாயெடுத்தால் முறைத்தார். அவளும் டொக்டரோடு சேர்ந்துவிட்டாளோ என்று அவளுடைய போனைக்கூட எடுத்துப் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யக் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். நகமெல்லாம் நீலம். பக்கத்தில் நின்றவர்கள் திரீவீலரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஸாஹிரா அவரை இறங்கவே விடவில்லை. தானும் ஏறிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

டொக்டர் அவருடைய விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியை மாட்டி நடக்கவிட்டார். வராந்தாவில் பாதி தூரம் போவதற்குள் எண் சரிந்தது.

"ஒரு மாசமா இருமல் ஈக்கி டொக்டர்," என்றாள் ஸாஹிரா. "கராம்பத் திண்டு மறைக்கிறாரு."

"ஊசிய நிப்பாட்டத்தானே இவ்வளவும் கேட்டீங்க?" என்று அவர் டொக்டரைப் பார்த்தார்.

"ஓம், நிப்பாட்டத்தான்," என்றார் மதுஷா. "முந்தியே சொல்லியிருந்தா வார்டில படுக்க வேண்டி வந்திராது."

சந்தேகம் சரியாகத்தான் போயிற்று, வாதாடத்தான் மூச்சில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சின் இரு பக்கமும் புகை படிந்தது போலிருந்தது. ஊசி நின்றது. ஒட்சிசன் குழாயோடு கிடந்து, மெல்ல மெல்லத் தேறினார். ஈரலுக்கு இனி மாத்திரை என்றார்கள்.

வீட்டுக்குப் புறப்படும்போது மாத்திரைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கும் இருமல் வருமா?"

"வந்தா நீங்க ஒண்டும் சொல்ல வாணாம்," என்றாள் ஸாஹிரா. "நான் சொல்லிக்குவேன்."